சிறைக்குப் போன சிரிப்பு

வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஆண்டுக்கு 25 திரைப்படங்கள் கொண்ட பட்டியலொன்றை வெளியிடுவது வழக்கம். 1988ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்றின் கீழ், பண்பாடு, வரலாறு, அழகியல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் முக்கியத்துவம் உடையவை என்று கருதி, வருங்காலத் தலைமுறைகளுக்காகப் பாதுகாக்கத் தெரிவுசெய்யப்படும் படங்கள் அவை. 2024 டிசெம்பரில் வெளியான பட்டியலுடன் அத்தகைய படங்களின் தொகை 900 ஆகியது. என் போன்ற பத்திரிகைக்காரர்கள் சர்வதேசச் செய்திப் பக்கத்தில் இடம் மீந்தால் போடுவதும், மீறினால் விட்டுவிடுவதுமான செய்தி வகையைச் சேர்ந்தது இது.

ஆனால் அந்த ஆண்டுப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் என்னை நிறுத்திவைத்தது. 'அப் இன் ஸ்மோக்'. 1978இல் வெளிவந்த நகைச்சுவைப் படம். அதன் நாயகர்கள் இருவரும் தொடக்கம் முதல் இறுதிவரை கஞ்சா புகைத்துக்கொண்டோ, அல்லது அதைத் தேடி அலைந்துகொண்டோ இருப்பார்கள். இதே அமெரிக்க மத்திய அரசு, அவ்விருவருள் ஒருவரை 2003ஆம் ஆண்டில், அவரது 65ஆவது வயதில், ஒன்பது மாதச் சிறைக்கு அனுப்பியது. அவருக்கு எதிராக அரச தரப்பு நீதிமன்றத்தில் சுட்டிக்காட்டியவற்றுள் அவருடைய திரைப்படங்களும் அடங்கும். அரசின் ஒரு கை குற்றச்சாட்டில் சேர்த்ததை மறு கை தேசிய சொத்தெனப் பெட்டகத்தில் வைத்திருக்கிறது.

பல்கலைக்கழக மாணவனாக இருந்த காலத்தில் தேய்ந்துபோன வீடியோ கசெற் ஒன்றில் இப்படத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சோம்பேறிகளின் கூத்து என்பதற்கு மேல் அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவ்விரு முகங்களும் எங்கிருந்து வந்தவை என்பதை நான் கவனித்திருக்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கவனக்குறைவுக்கான பிராயச்சித்தம் என்றும் கொள்ளலாம்.

கதை மிகச் சிறியது. செல்வந்தக் குடும்பமொன்றின் வேலைவெட்டியற்ற மகன் அந்தனி ஸ்டோனர். பொழுது சாய்வதற்குள் வேலையொன்றைத் தேடிக்கொள்ளாவிட்டால் இராணுவக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவோம் என்று பெற்றோர் எச்சரிக்க, வீட்டை விட்டு வெளியேறுகிறான். வழியில் அவனைத் தன் காரில் ஏற்றிக்கொள்பவன் பெத்ரோ என்ற மெக்சிக்க வம்சாவளி இளைஞன். இருவரும் இசைக்குழு ஒன்று அமைக்கத் தீர்மானிக்கிறார்கள். கஞ்சா தேடிய பயணம் அவர்களை எல்லைக்கு அப்பால் மெக்சிக்கோவின் டிஹுவானா நகருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கிருந்து திரும்பிவர அவர்களுக்குக் கிடைப்பது ஒரு வான். அதன் உடற்பகுதி முழுவதும் கஞ்சாவை இறுக்கி வார்த்துச் செய்யப்பட்டது என்பது அவர்களுக்கே தெரியாது. போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் சார்ஜன்ட் ஸ்டெடென்கோ தன் ஆட்களோடு அந்த வானைத் துரத்துகிறார். எல்லைச் சாவடியில் கன்னியாஸ்திரிகளை மறித்துச் சோதனையிடுகிறார்; வானோ பக்கத்தால் போய்விடுகிறது. இறுதியில் வான் தீப்பற்ற, அதன் புகை லொஸ் ஏஞ்சலிஸின் 'றொக்ஸி' அரங்கினுள் நுழைந்து சபையோர் அனைவரையும் மயக்க, நாயகர்களின் குழு இசைப்போட்டியில் வெல்கிறது. சட்டம் துரத்தியது கடைசியில் புகையாகிப் போவதே கதை. படத்தின் பெயரும் அவ்வாறே இருபொருள் படுவது.

பெத்ரோவாக நடித்தவர் சீச் மாரின். இயற்பெயர் றிச்சட் மாரின். 1946இல் லொஸ் ஏஞ்சலிஸில் மெக்சிக்க வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது, மெக்சிக்கர்கள் விரும்பி உண்ணும் 'சிச்சரோன்' என்ற பன்றித்தோல் பொரியலைப் போலச் சுருண்டு கிடந்தாராம். அதைக் கண்ட மாமனார் ஒருவர் வைத்த செல்லப்பெயரே 'சீச்'. இவருடைய தந்தை லொஸ் ஏஞ்சலிஸ் பொலிஸ் திணைக்களத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். பொலிஸாரைக் கேலி செய்து புகழ்பெற்றவர் ஒரு பொலிஸ்காரரின் பிள்ளை என்பது நினைவில் வைக்கத்தக்கது. ஆங்கில இலக்கியம் பயின்ற மாரின், வியட்நாம் போருக்கான கட்டாய ஆட்சேர்ப்பைத் தவிர்த்துக் கனடாவுக்குச் சென்றார். அங்கே மட்பாண்டக் கலை பயின்றார்.

ஸ்டோனராக நடித்த டொமி சொங், 1938இல் கனடாவின் எட்மன்டன் நகரில் பிறந்தவர். தந்தை சீனர், தாய் ஸ்கொட்லாந்து, ஐரிஷ் வம்சாவளியினர். கிற்றார் கலைஞராக வாழ்வைத் தொடங்கிய இவர் உறுப்பினராக இருந்த வன்கூவர் இசைக்குழுவைப் புகழ்பெற்ற மோடவுன் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 1968இல் அக்குழுவுக்குப் பெயர் தேடித் தந்த பாடலை எழுதியவர்களுள் சொங்கும் ஒருவர். இனம் மாறிய காதலர்களின் தவிப்பே அப்பாடலின் பொருள் என்பதை அவருடைய பெற்றோரின் மணத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். பின்னர் வன்கூவர் சீன நகரில் தன் குடும்பத்தார் நடத்திய இரவு விடுதியொன்றில் அவர் நகைச்சுவை நாடகக் குழுவொன்றை உருவாக்கினார். அங்குதான் மாரின் வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் சற்று நின்று பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தச் சீன நகரிலிருந்தே கனடாவின் போதைப்பொருள் சட்டமும் தொடங்குகிறது.

1907 செப்டெம்பரில் வன்கூவரில் ஆசியர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. வெள்ளையர் கும்பலொன்று சீனரின் கடைகளையும் யப்பானியர் வாழ்ந்த தெருக்களையும் தாக்கியது. இழப்பீட்டை மதிப்பிடுவதற்காக ஒட்டாவாவிலிருந்து அனுப்பப்பட்டவர், பிற்காலத்தில் கனடாவின் பிரதமரான மெக்கன்சி கிங். இழப்பீடு கோரியவர்களுள் அபின் உற்பத்தியாளர்களும் இருப்பதைக் கண்டார். அத்தொழில் அன்று சட்டவிரோதமானதன்று. ஆனால் அவர் எழுதிய அறிக்கையை அடுத்து 1908இல் கனடாவின் முதலாவது அபின் சட்டம் பிறந்தது. கடையை இழந்தவர்களைத் தேடிப் போன விசாரணை, அவர்களையே குற்றவாளிகளாக்கும் சட்டத்தில் முடிந்தது. 1923இல் கஞ்சாவும் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சீனர் கனடாவுக்குள் நுழைவதை ஏறக்குறைய முற்றாகத் தடுத்த குடிவரவுச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. அது 1947 வரை நீடித்தது.

அமெரிக்காவின் கதையும் வேறல்ல. 1875இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் அபின் கூடங்களைத் தடை செய்தபோது, அதன் இலக்கு சீனத் தொழிலாளர்களாகவே இருந்தனர். கலிபோர்னியா 1913இல் கஞ்சாவைத் தடை செய்வதற்குச் சற்று முன்னர், அம்மாநில மருந்தியல் சபையைச் சேர்ந்த ஒருவர் எழுதிய கடிதத்தில் அஞ்சியது, சான்பிரான்சிஸ்கோவில் வந்திறங்கிய இந்தியர்கள் தங்களோடு கஞ்சாப் பழக்கத்தையும் கொண்டுவருகிறார்கள் என்பதையே. 1910இல் மெக்சிக்கப் புரட்சி தொடங்கியதன் பின்னர் வடக்கே வந்த அகதிகளையும் தொழிலாளரையும் சுற்றி அந்த அச்சம் மேலும் வளர்ந்தது. 1930களில் மத்திய போதைப்பொருள் பணியகத்தின் தலைவராக இருந்த ஹரி அன்ஸ்லிங்கர் அதை நாடு தழுவிய பிரசாரமாக்கினார். 1937ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவ உலகம் அறிந்திருந்த 'கெனபிஸ்' என்ற பெயரை விடுத்து, மெக்சிக்கர் வாய்ச்சொல்லான 'மரிவானா'வைத் தன் தலைப்பில் பொறித்துக்கொண்டது. அதே தசாப்தத்தில் இலட்சக்கணக்கான மெக்சிக்க வம்சாவளியினர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணில் பிறந்த பிரஜைகள்.

ஆக, வட அமெரிக்காவின் போதைப்பொருள் சட்டங்கள் எவரை மனதில் வைத்து எழுதப்பட்டனவோ, அவர்களுள் இரு சமூகங்களின் பிள்ளைகள் வன்கூவரில் ஒரே மேடையில் சந்தித்தார்கள். 'சீச்சும் சொங்கும்' என்ற கூட்டின் வரலாற்றுப் பொருள் இதுவே என்பது என் எண்ணம். கஞ்சா அடிக்கும் மெக்சிக்கன், போதையில் மயங்கிய சீனன் என்று அன்ஸ்லிங்கர் காலத்தவர் பயங்காட்டிய உருவங்களை இவ்விருவரும் தாமே எடுத்து அணிந்துகொண்டார்கள். பயத்துக்குரியவராக அல்ல, சிரிப்புக்குரியவராக.

லொஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த இருவரையும் கண்டெடுத்தவர் லூ அட்லர். 1967ஆம் ஆண்டு மொன்டரே இசைவிழாவின் அமைப்பாளர்களுள் ஒருவர். கரோல் கிங்கின் புகழ்பெற்ற இசைத்தட்டான 'டெபஸ்ட்ரி'யின் தயாரிப்பாளர். அவருடைய நிறுவனம் 1971 தொடக்கம் இவர்களின் நகைச்சுவை இசைத்தட்டுகளை வெளியிட்டது. மூன்றாவது தட்டான 'லொஸ் கொச்சினோஸ்' கிராமி விருதைப் பெற்றது. திரைப்படத்தில் வரும் சார்ஜன்ட் ஸ்டெடென்கோவும் இத்தட்டுகளிலேயே முதலில் பிறந்தவர். 1978இல் அட்லர் தாமே இயக்குநராகி, நாயகர்கள் எழுதிய கதையைப் படமாக்கினார். அதற்கு முன் அவர் படம் இயக்கியதில்லை. இறுதிக் காட்சி எடுக்கப்பட்ட றொக்ஸி அரங்கின் உரிமையாளர்களுள் அவரும் ஒருவர். விமர்சகர்கள் பலர் முகஞ்சுளித்தனர். ஆனால் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் வட அமெரிக்காவில் 40 மில்லியன் டொலருக்கும் அதிகமாக வசூலித்தது.

துணைப் பாத்திரங்களுக்குத் தெரிவு செய்யப்பட்டவர்களைப் பார்த்தால் அட்லரின் புத்திசாலித்தனம் விளங்கும். தந்தையாக வரும் ஸ்ட்ரோதர் மார்ட்டின், 1967இல் வெளிவந்த 'கூல் ஹாண்ட் லூக்' படத்தில் சிறை அதிகாரியாக நடித்து மறக்கமுடியாத முத்திரை பதித்தவர். தாயாக நடித்த ஈடி அடம்ஸ் மேடையிலும் தொலைக்காட்சியிலும் அறியப்பட்ட பாடகி. வியட்நாம் போரின் நினைவுகள் இன்னும் விட்டகலாத முன்னாள் சிப்பாய் ஸ்ட்ரோபெரியாக வருபவர் டொம் ஸ்கெரிட். அடுத்த ஆண்டிலேயே 'ஏலியன்' படத்தின் விண்கலத் தலைவரானார். போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், பொலிஸாரின் வருகையை எதிரிப் படையின் முற்றுகையாக எண்ணிப் பதறும் அந்தச் சிப்பாயைக் கண்டு சபை சிரித்தது. இன்று அக்காட்சியைப் பார்க்கையில் சிரிப்பு அவ்வளவு இலகுவில் வருவதில்லை.

சார்ஜன்ட் ஸ்டெடென்கோவாக நடித்தவர் ஸ்டேசி கீச். நியூயோர்க் மேடையில் ஷேக்ஸ்பியரின் ஹம்லெட்டாக நடித்துப் பாராட்டுப் பெற்ற தேர்ந்த நடிகர். படம் முழுவதும் ஒரு புன்னகையும் இன்றி, தான் ஒரு துன்பியல் நாடகத்தின் நாயகன் என்ற நினைப்பிலேயே அவர் நடித்தபடியால்தான் அந்தப் பொலிஸ்காரர் அத்தனை சிரிப்புக்கிடமானார். ஆனால் அதன் பின் நடந்ததை எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியமாட்டார். 1984இல், தொலைக்காட்சித் தொடரொன்றில் துப்பறிவாளராக நடித்துக்கொண்டிருந்த காலத்தில், கீச் கொக்கெயினுடன் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டு றெடிங் சிறையில் ஆறு மாதங்கள் இருந்தார். திரையில் போதைப்பொருளைத் துரத்தியவர், துரத்தப்பட்டவர்களுக்கு முன்பாகச் சிறை கண்டார். நகைச்சுவைப் படத்துக்கு வெளியே அப்பொருள் என்ன செய்யும் என்பதை அந்த நடிகர்களுள் முதலில் அறிந்தவர் அவராகவே இருக்கக்கூடும்.

படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி கஞ்சாவைப் பற்றியதன்று. பெத்ரோவின் உறவினர்கள் அனைவரும் ஒருநாள் குடிவரவு அதிகாரிகளிடம் பிடிபட்டு, பஸ்ஸில் ஏற்றப்பட்டு டிஹுவானாவுக்கு நாடு கடத்தப்படுகிறார்கள். எவரும் அழவில்லை, எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். காரணம், தங்களைப் பற்றிக் குடிவரவுத் திணைக்களத்துக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவர்களேதான். டிஹுவானாவில் உறவினர் வீட்டுக் கலியாணம். அரச செலவில் போய்வர வேறு வழி ஏது? 1930களில் ஒரு சமூகத்தின் பெருந்துயரமாக இருந்த பஸ் பயணத்தை, அரை நூற்றாண்டுக்குள் அச்சமூகத்தின் பிள்ளையொருவன் கலியாண ஊர்வலமாக மாற்றினான். மாரின் அத்துடன் விட்டுவிடவில்லை. 1987இல் அவர் எழுதி இயக்கிய 'போர்ன் இன் ஈஸ்ட் எல்.ஏ.' படத்தில், கையில் அடையாள அட்டை இல்லாத ஓர் அமெரிக்கப் பிரஜை, மெக்சிக்கன் என்று தவறாகக் கருதப்பட்டு நாடு கடத்தப்படுகிறான். அடையாள அட்டை இல்லாத வேளையில் மனிதன் எவ்வளவு சிறுத்துப்போகிறான் என்பதை எமது நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1970களின் பிற்பகுதி ஒருவகையில் இளகிய காலம். 1972இல் ஜனாதிபதி நிக்சன் நியமித்த ஆணைக்குழுவே, சொந்தப் பாவனைக்கு வைத்திருப்போரைத் தண்டிக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது; நிக்சன் அதை ஏற்கவில்லை. 1977இல் ஜனாதிபதி கார்ட்டரும் சிறிதளவு வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று காங்கிரஸைக் கேட்டுக்கொண்டார். அந்த இளக்கத்தில் விளைந்த படம் இது. 1980களில் காற்று திசைமாறியது. இருவரும் மேலும் சில படங்களில் நடித்த பின் அத்தசாப்தத்தின் நடுப்பகுதியில் பிரிந்தனர். மாரின் 'நாஷ் பிரிட்ஜஸ்' தொலைக்காட்சித் தொடரில் பொலிஸ் அதிகாரியாக நடித்தார். சொங் பழைய வேடத்தை விடவில்லை. அவருடைய குடும்பத்தார் அவரது பெயரில் கண்ணாடிப் புகைக்குழாய்கள் செய்து விற்கும் நிறுவனமொன்றை நடத்தினர்.

2003 பெப்ரவரி 24ஆம் திகதி, புகைக்குழாய் வியாபாரத்துக்கு எதிராக மத்திய அரசு நாடு தழுவிய தேடுதலை நடத்தியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. சொங்கின் வீடும் தொழிற்கூடமும் சோதனையிடப்பட்டன. பென்சில்வேனியாவில் உள்ள கடையொன்றின் பெயரில் பொருட்களைத் தருவித்தவர்கள் வேடமிட்ட அதிகாரிகள் என்பது பின்னர் தெரியவந்தது. மனைவி மீதும் மகன் மீதும் வழக்குத் தொடரப்படாது என்ற உடன்பாட்டில் சொங் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தீர்ப்பு நாள் 2003 செப்டெம்பர் 11. நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலின் இரண்டாவது ஆண்டு நிறைவு. ஒன்பது மாதச் சிறை, 20,000 டொலர் அபராதம், அதற்கு மேலாக ஓர் இலட்சம் டொலருக்கும் அதிகமான பறிமுதல்.

புகைக்குழாய் விற்பது அன்றைய மத்திய சட்டப்படி குற்றந்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரச தரப்பு தனது எழுத்துமூலச் சமர்ப்பணத்தில், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் முயற்சிகளைத் தமது படங்களின் மூலம் அற்பமாக்கியே இவர் செல்வந்தரானார் என்ற வாதத்தையும் முன்வைத்தது. கண்ணாடிக் குழாய்க்கான தண்டனையில் சார்ஜன்ட் ஸ்டெடென்கோவின் மானமும் சேர்த்து நிறுக்கப்பட்டது. ஓர் அரசு தன்னைப் பார்த்துச் சிரித்தவனை இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் மறந்திருக்கவில்லை என்பதே இவ்வழக்கில் என்னை உறுத்துவது.

கலிபோர்னியாவின் டாப்ட் சிறையில் சொங்கின் அறைத்தோழராக இருந்தவர் ஜோர்தான் பெல்போர்ட். முதலீட்டாளர்களின் கோடிக்கணக்கான டொலரை ஏமாற்றிய பங்குத் தரகர். அதற்காக அவர் சிறையில் இருந்தது 22 மாதங்கள். இரவுகளில் அவர் கூறிய கதைகளைக் கேட்டுச் சிரித்த சொங், அவற்றை எழுதும்படி தூண்டினார். அதன் விளைவே 2007இல் வெளிவந்த 'வோல் ஸ்ட்ரீட்டின் ஓநாய்' என்ற நூலும், 2013இல் மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய படமும்.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. 2008இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் தோன்றினர். 2016 நொவெம்பரில் கலிபோர்னிய மக்கள் வாக்களித்துக் கஞ்சாவை வயதுவந்தோருக்குச் சட்டபூர்வமாக்கினர். 2018 ஜனவரி முதல் அனுமதி பெற்ற கடைகள் அதை விற்கத் தொடங்கின. அதே ஆண்டு ஒக்டோபர் 17இல் கனடாவும் தடையை நீக்கியது. 2022இல், மாரின் பல்லாண்டுகளாகச் சேகரித்த மெக்சிக்க அமெரிக்க ஓவியங்களுக்கென ரிவர்சைட் நகரின் பழைய நூலகக் கட்டடத்தில் அரும்பொருளகமொன்று திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துக் காங்கிரஸ் நூலகத்தின் பட்டியல் வந்தது.

இப்படத்தைக் குறையற்ற படைப்பென்று நான் சொல்லவரவில்லை. பெண்களை அது பார்க்கும் பார்வை மலினமானது. கதை பல இடங்களில் தள்ளாடுகிறது. போதையின் மறுபக்கமான சிதைந்த வீடுகளும் இளம் உயிர்களின் வீணும் அதில் இல்லை. போதைப்பொருளால் பிள்ளைகளை இழந்த பெற்றோரைச் செய்திக்காகச் சந்தித்த எவரும் அதை ஒரு விளையாட்டாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஒரு சட்டம் யாரைப் பாதுகாக்க வந்தது, யாரைக் கண்டு பயந்து வந்தது என்ற கேள்வி வேறு. அந்தக் கேள்வியை ஆணைக்குழு அறிக்கைகள் கேட்டபோது அவை அலுமாரிக்குள் போயின. இரண்டு கோமாளிகள் கேட்டபோது சபை நிறைந்தது.

பட்டியலை அச்சுக்கு அனுப்பும் இரவில் 25 பெயர்களையும் போட எந்தப் பத்திரிகையிலும் இடமிருக்காது. நாலைந்தைப் போட்டு 'உள்ளிட்ட' என்று முடித்துவிடுவோம். 'அப் இன் ஸ்மோக்' பெரும்பாலும் அந்த 'உள்ளிட்ட'வுக்குள் மறைந்துவிடக்கூடிய பெயர். அதனால்தான் இங்கே தனியாக எழுதி வைக்கிறேன்.